காற்று மின்சாரமும் குறுவைப் பாசனமும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகப் போய் வந்தவர்கள், இருபுறமும் வரிசையாக நின்று சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். பல்லடம், உடுமலை பக்கம் சென்றவர்களும் பார்த்திருப்பார்கள். ஊர் திரும்பியதும் நம் விவசாயிகள் கேட்கும் கேள்விகள் மூன்று. "நம் திருவாரூர்ப் பக்கம் இது ஏன் இல்லை? என் போர்வெல்லுக்குச் சொந்தமாக ஒரு காற்றாலை போட்டுக்கொள்ள முடியுமா? காற்றில் கிடைக்கும் மின்சாரத்தால் எனக்கு என்ன பயன்?" இம்மூன்றுக்கும் விடை காண்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். பணம் போடுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்ப்பது சிறு விவசாயிக்கு மிகவும் அவசியம்.

காற்றாலை வேலை செய்யும் விதம்

காற்றாலையின் அமைப்பு எளிது. உயரமான கோபுரத்தின் உச்சியில் ஒரு பெட்டி. அதன் முகப்பில் பெரும்பாலும் மூன்று இறக்கைகள். காற்று இறக்கைகளைத் தள்ளும்போது அவை சுழல்கின்றன. இந்தச் சுழற்சி நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுகளே இருக்கும். பெரும்பாலான இயந்திரங்களில் பெட்டிக்குள் உள்ள பல் சக்கரங்கள் அதைப் பல மடங்கு வேகமாக்கி ஜெனரேட்டரைச் சுழற்றுகின்றன. ஜெனரேட்டர் தரும் மின்சாரம் கேபிள் வழியாகக் கீழே இறங்கி, டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் கூட்டப்பட்டு, மின்சாரக் கம்பியில் போய்ச் சேருகிறது. காற்று திசை மாறினால் பெட்டியும் திரும்பிக்கொள்ளும்.

காற்று நொடிக்கு 3 அல்லது 4 மீட்டர் வேகத்தை எட்டிய பிறகே பெரிய காற்றாலை மின்சாரம் தரத் தொடங்கும். 12 மீட்டர் அளவில் முழு உற்பத்தி கிடைக்கும். 25 மீட்டரைத் தாண்டினால் இயந்திரத்துக்கு ஆபத்து என்பதால் தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே காற்று மிகக் குறைந்தாலும் பயனில்லை, மிக அதிகமானாலும் பயனில்லை.

காற்றில் மின்சாரம் எடுப்பது புதிய யோசனை அல்ல. டென்மார்க் நாட்டில் ஆஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பால் லா கூர் 1891-லேயே காற்றாலையில் மின்சாரம் எடுத்தார். கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் மின்விளக்கு கிடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இன்று அந்த நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது.

வேகம் இரட்டித்தால் விசை எட்டு மடங்கு

களத்தில் நெல் தூற்றும் எவருக்கும் இது தெரியும். காற்று மெல்ல வீசும்போது முறத்திலிருந்து விழும் நெல்லோடு பதரும் சேர்ந்தே விழும். காற்று சற்று ஓங்கினால் பதர் தனியே பறந்து போகும். காற்றின் வேகத்தில் ஏற்படும் சிறிய மாறுதல் வேலையில் பெரிய மாறுதலைத் தருகிறது.

காற்றாலைக்கும் இதுவே அடிப்படை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு ஆகிறது. வேகத்தை மூன்று முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். 4 மீட்டர் வேகத்துக்கு 4 x 4 x 4 = 64. 8 மீட்டர் வேகத்துக்கு 8 x 8 x 8 = 512. வித்தியாசம் எட்டு மடங்கு.

இதை வாட் கணக்கில் சொன்னால், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றில் ஏறத்தாழ 38 வாட் ஆற்றல் இருக்கிறது. 6 மீட்டர் வேகத்தில் 130 வாட். 8 மீட்டர் வேகத்தில் 307 வாட். இதில் முழுவதையும் யாராலும் பிடிக்க முடியாது. எவ்வளவு சிறந்த இயந்திரமாக இருந்தாலும் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயலாது என்பது இயற்கை விதி. நல்ல பெரிய இயந்திரங்கள் 40 சதவீதத்துக்குச் சற்று மேலே எடுக்கின்றன. சிறிய இயந்திரங்கள் 20 முதல் 30 சதவீதம் எடுத்தாலே பெரிது.

ஆகவே காற்றாலைக்கு இடம் பார்ப்பது நெல்லுக்கு நிலம் பார்ப்பது போன்றது. உவர் நிலத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் நல்ல வண்டல் நிலத்து மகசூல் வராது. காற்றுக் குறைந்த இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் வைத்தாலும் கணவாய்க் காற்றின் உற்பத்தி வராது.

தமிழ்நாட்டில் காற்று கிடைக்கும் இடங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும்போது, மலையில் இடைவெளி உள்ள இடங்களில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அகலமான ஆற்று நீர் மதகில் புகும்போது வேகம் எடுப்பது போலவே இதுவும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளில் வீசுகிறது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று தென்காசி, கயத்தாறு பக்கம் செல்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலிலும், கம்பம் கணவாய்க் காற்று தேனி மாவட்டத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுகின்றன.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணையை அமைத்தது. அன்றைய இயந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். பின்னர் டென்மார்க் நாட்டின் உதவியும் கிடைத்து, கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் காற்றாலைகள் பெருகின. 1990-களில் தனியார் ஆலைகள் பெருமளவில் முதலீடு செய்தன. இன்று தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். இப்போது வரும் இயந்திரம் ஒன்றே 2,000, 3,000 கிலோவாட் திறன் கொண்டது. கோபுரம் 100 மீட்டருக்கு மேல் உயரம். பழைய சிறிய இயந்திரங்களை எடுத்துவிட்டு அதே நல்ல காற்று இடங்களில் புதியன வைப்பதற்காக 2024-ல் மாநில அரசு தனிக் கொள்கையும் வெளியிட்டது. காற்றளவு எடுப்பதற்கும் இயந்திரங்களைச் சோதிப்பதற்கும் 1998-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம், தேசிய காற்றாற்றல் நிறுவனம் என்ற பெயரில் சென்னை பள்ளிக்கரணையில் இயங்குகிறது. அதன் சோதனை நிலையம் கயத்தாறில் உள்ளது.

ஓர் எச்சரிக்கை. 250 கிலோவாட் காற்றாலை என்றால் அது எந்நேரமும் 250 கிலோவாட் தரும் என்று எண்ணக்கூடாது. ஆண்டு முழுவதும் நிறுத்தாமல் முழுத்திறனில் ஓடினால் கிடைக்கக்கூடியதில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தால் நல்ல விளைச்சல். அப்படிக் கிடைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5½ லட்சம் யூனிட். அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் வருவது.

திருவாரூரில் ஏன் இல்லை?

முதல் காரணம் காற்றே. நம் மாவட்டம் மலையிலிருந்து வெகு தொலைவில் உள்ள சமவெளி. கணவாயில் வேகமெடுத்த காற்று இங்கு வருவதற்குள் பரந்து தளர்ந்துவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசுவதும், கரையோரத்தில் மாலையில் கடற்காற்று வருவதும் உண்மை. ஆனால் நாள்தோறும் மணிக்கணக்கில் ஒரே சீராக வீசும் கணவாய்க் காற்றுக்கு அது ஈடாகாது.

இரண்டாவது காரணம் புயல். 1952 நவம்பரிலும், 1977 நவம்பரிலும் நாகப்பட்டினம் கரையைப் புயல்கள் தாக்கின. 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கத்தில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களில் மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 33 மீட்டர். சாதாரணக் காற்றைப் போல எட்டு மடங்கு வேகம். அப்போது கோபுரத்தைத் தள்ளும் விசை 64 மடங்குக்கு மேல் ஆகும். ஆண்டில் 364 நாள் போதாத காற்றும் ஒரு நாள் தாங்க முடியாத காற்றும் வரும் இடத்தில் கோபுரம் வைப்பவர் இரண்டுக்கும் சேர்த்துச் செலவு செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணம் நிலம். களிப்பு நிறைந்த வண்டல் மண்ணில் கனமான கோபுரத்துக்கு ஆழமான அடித்தளம் வேண்டும். பெரிய இறக்கைகளைக் கொண்டுவரும் வண்டிக்கு வயல் நடுவே அகலமான பாதை வேண்டும். பாதைக்காக வடிகாலை மூடினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றியுள்ள சம்பா வயல்கள் மூழ்கும். மானாவாரிப் புஞ்சைக்குப் பொருந்துவது இருபோக நஞ்சைக்குப் பொருந்தாது.

நம் மாவட்டத்தில் மின் உற்பத்தியே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. மன்னார்குடி வட்டாரத்தில் திருமாக்கோட்டை எரிவாயு மின் நிலையம் 2001-ல் தொடங்கப்பட்டது. காவிரிப் படுகையில் கிடைத்த எரிவாயுவை நம்பி அமைந்தது அது.

போர்வெல்லுக்குச் சொந்தக் காற்றாலை வைக்கலாமா?

இனி கணக்குக்கு வருவோம். 5 குதிரைசக்தி மோட்டார் ஓடுவதற்கு ஏறத்தாழ 4½ கிலோவாட் மின்சாரம் வேண்டும். காற்று நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றும், இயந்திரம் காற்றின் ஆற்றலில் 30 சதவீதத்தைப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 11½ வாட். 4,500 வாட் வேண்டுமானால் ஏறத்தாழ 390 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அதாவது இறக்கைகள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு 22 மீட்டர், 70 அடிக்கு மேல். அதே மோட்டாருக்குக் கணவாயில் 8 மீட்டர் காற்றில் 8 மீட்டர் குறுக்களவே போதும். நம் ஊரில் ஒரு மோட்டாருக்காக 70 அடி விசிறி கட்டுவது எந்தச் சிறு விவசாயிக்கும் கட்டுபடியாகாது.

சந்தையில் 3 மீட்டர் குறுக்களவுள்ள சிறிய காற்றாலைகளைக் காட்டி, "1 கிலோவாட்" என்று சொல்லி விற்பனைக்கு வருவோர் உண்டு. அந்த 1 கிலோவாட் பலத்த காற்றில் மட்டுமே வருவது. 4 மீட்டர் காற்றில் அதே இயந்திரம் தருவது 80 வாட் அளவே. இரண்டு, மூன்று விளக்கு எரியும், பேட்டரியில் கொஞ்சம் சேரும். மோட்டார் ஓடாது. ஆகவே விற்பவரிடம், "எத்தனை கிலோவாட்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்தக் காற்று வேகத்தில்? எங்கள் ஊரில் அந்த வேகம் ஆண்டில் எத்தனை மணி நேரம்?" என்றும் கேளுங்கள். காற்றளவுக் கணக்கு காட்ட முடியாதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மின்சாரம் இல்லாமல் நேரடியாகத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி பம்புகளும் உண்டு. 1960-களில் பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் அத்தகைய காற்றாடி ஒன்றை வடிவமைத்தது. 1980-களில் மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறை, 12 தகடுகளும் 5 மீட்டர் குறுக்களவும் கொண்ட "12 பி.யு. 500" என்ற காற்றாடியைப் பல மாநிலங்களில் நிறுவச் செய்தது. மெல்லிய காற்றிலேயே சுழலத் தொடங்குவது இதன் சிறப்பு. கைபம்பில் இருப்பது போன்ற தண்டு மேலும் கீழும் ஏறி இறங்கித் தண்ணீரைத் தூக்கும்.

இதன் வேலைத்திறனையும் கணக்கிடுவோம். 4 மீட்டர் காற்றில், காற்றின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரில் சேருகிறது என்று கொண்டால், 5 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 5,500 லிட்டர் வரும். நாளில் 10 மணி நேரம் அப்படிக் காற்று வீசினால் 55,000 லிட்டர். ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க 40,000 லிட்டர் தேவை. நடவு வயலில் ஆவியாகியும், பயிர் உறிஞ்சியும், கீழே கசிந்தும் நாளுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் போய்விடும். ஆக, நல்ல காற்று நாளில் ஒரு காற்றாடி ஓர் ஏக்கருக்குச் சற்று மேலே காக்கும். காற்று 3 மீட்டராகக் குறைந்தால் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும். நீர்மட்டம் 15 மீட்டருக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அந்த ஆழத்திலிருந்து 5 குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரத்தில் 50,000 லிட்டர் இறைத்துவிடும்.

ஆகவே நெல்லுக்குக் காற்றாடி பம்பு பொருந்தாது. நீர் மேலாக உள்ள இடத்தில் வீட்டுத் தோட்டம், மாட்டுத் தொட்டி, மீன் குட்டை, ஓர் ஏக்கர் நடவுக்குத் தேவைப்படும் 8 சென்ட் நாற்றங்கால் ஆகியவற்றுக்கு உதவும். வாஷர் தேய்ந்தால் மாற்றவும், மசகு போடவும் உள்ளூரில் ஆள் இல்லாமல்தான் அன்று வைத்த காற்றாடிகள் பல நின்று போயின. வாங்குவதற்கு முன் பழுது பார்ப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின் இணைப்புக் கிடைக்காத இடத்தில் சொந்தமாக ஆற்றல் வேண்டுவோருக்கு இன்று சூரியசக்தி மோட்டாரே மேலானது. வெயில் நமக்கு ஆண்டில் பெரும்பகுதி உண்டு. மானிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

நமக்குக் கிடைக்கும் பங்கு

அப்படியானால் காற்று மின்சாரத்தால் டெல்டா விவசாயிக்குப் பயன் இல்லையா? உண்டு. அது கம்பி வழியாக வருகிறது.

காவிரியில் தண்ணீர் வருவதும் காற்றாலை சுழல்வதும் ஒரே பருவத்தில் என்பதைக் கவனியுங்கள். குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து காவிரியையும் கபினியையும் நிரப்பும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மலை தாண்டி வந்து பல்லடத்திலும் முப்பந்தலிலும் இறக்கைகளைச் சுழற்றுகிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று அணை திறந்து நாம் குறுவை நடும் மாதங்கள்தான் காற்றாலைகளின் மகசூல் மாதங்கள். உச்ச நாட்களில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தந்திருக்கின்றன. 5 குதிரைசக்தி மோட்டார் நாளுக்கு 8 மணி வீதம் 90 நாள் ஓடினால் செலவாவது ஏறத்தாழ 3,240 யூனிட். மேலே சொன்ன 250 கிலோவாட் காற்றாலை ஒன்றின் ஆண்டு உற்பத்தி, கம்பி இழப்பைக் கழித்த பின்னும், அத்தகைய 140 மோட்டார்களின் குறுவைச் செலவுக்குச் சமம்.

தண்ணீர் வராத ஆண்டில்தான் இதன் அருமை தெரியும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. 2012-ல் செப்டம்பர் 17 அன்றுதான் திறந்தார்கள். அந்தக் குறுவையைக் காப்பாற்ற அரசு டெல்டா மாவட்டங்களுக்கு 12 மணி நேர மும்முனை மின்சாரம் அறிவித்தது. மாநிலம் முழுவதும் கடும் மின்பற்றாக்குறை நிலவிய காலம் அது. பம்புசெட் உள்ளவர்கள் குறுவை எடுத்தார்கள். இல்லாதவர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். அக்டோபரில் காற்று நின்றது. பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டியது. காற்று மின்சாரம் எவ்வளவு உதவும் என்பதையும், அதை மட்டும் நம்ப முடியாது என்பதையும் அந்த ஓர் ஆண்டு காட்டியது.

காற்றை அடக்கி வைக்க முடியாது என்பதே இதில் உள்ள குறை. மேட்டூர் நீரை மதகை மூடி நிறுத்தலாம். வீசும் காற்றை நிறுத்த முடியாது. வந்தபோது பயன்படுத்தாவிட்டால் போய்விடும். "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்ற பழமொழி மின்சார வாரியத்துக்கும் பொருந்தும். இதற்கு ஒரு வழி கடம்பாறையில் உள்ளது. 1980-களின் இறுதியில் முடிக்கப்பட்ட அந்த 400 மெகாவாட் நிலையத்தில், மின்சாரம் மிகும் நேரத்தில் கீழ் அணை நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இத்தகைய நிலையங்களும் பெரிய பேட்டரிகளும் பெருகினால்தான் ஆடிக்காற்று முழுவதும் பயன்படும்.

விவசாயி செய்ய வேண்டியவை

1. மோட்டாரை வைகாசியிலேயே பழுது பாருங்கள். புட்வால்வு, பேரிங், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைச் சரிசெய்து வையுங்கள். மும்முனை மின்சாரம் கிடைக்கும் நாட்களில் மோட்டார் பழுதாகிக் கிடந்தால் நஷ்டம் நமக்கே.

2. மோட்டாருக்குப் பொருத்தமான கெபாசிட்டர் பொருத்துங்கள். எந்த அளவு என்பதை மின் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லோரும் பொருத்தினால் அந்த வரிசையில் மின் அழுத்தம் சீராகும், காயில் எரிவது குறையும். ஒருவர் மட்டும் செய்து பயன் குறைவு. ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது.

3. தேவைக்கு மேல் பெரிய மோட்டார் வைக்காதீர்கள். மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் தண்ணீருக்கும் விலை இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைக் கடைமடையில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும். ஏறிய உப்பை எந்தக் காற்றாலையாலும் இறக்க முடியாது.

4. காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைக் கடைப்பிடியுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, குழாயினுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக்கூடாது. இதனால் மோட்டார் ஓடும் நேரம் குறைகிறது. மின்சாரம் குறைந்த நாளிலும் பயிர் தாங்கும். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் இதற்கு ஆலோசனை பெறலாம்.

5. காற்று ஓயும் மாதங்களுக்கு மோட்டாரை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். தாளடியின் கடைசித் தண்ணீரும் கோடை நெல்லும் வரும் தை முதல் சித்திரை வரை காற்றாலை உற்பத்தி குறைவு. ஊரில் மின்விசிறிச் செலவோ அதிகம். அந்தப் பருவத்துக்கு நெல் தரிசில் உளுந்து, பயறு தெளிப்பதே நம் முன்னோர் கண்ட நல்ல வழி.

நிலம் கேட்டு வந்தால்

காற்றாலைக்கோ சூரியசக்திக்கோ மின்கோபுரத்துக்கோ நிலம் கேட்டு யாரேனும் வந்தால் அவசரப்பட வேண்டாம். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்குச் சாகுபடி செய்பவருக்கு அதை வேறொருவருக்குக் கொடுக்கும் உரிமை இல்லை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக்கூடாது. எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு ஆண்டு வாடகை உயர்வு எவ்வளவு, முடிவில் இயந்திரத்தையும் அடித்தளத்தையும் அகற்றுவது யார், வாய்க்காலும் வடிகாலும் தடைபட்டால் பொறுப்பு யாருடையது என்பன ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உயர் அழுத்த மின்கோபுரம் வயலில் நிற்பதானால் பயிருக்கும் மரத்துக்கும் இழப்பீடு உண்டு. நிலத்துக்கும் உண்டு. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பிக்குக் கீழுள்ள பட்டைக்கு 30 சதவீதமும் தரலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. நம் ஊரில் பொருந்தும் தொகை எவ்வளவு என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

நினைவில் கொள்ள

காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆகையால் காற்றாலைக்கு இடமே முதல். கணவாய் ஊர்களின் காற்று திருவாரூரில் இல்லை. சிறிய காற்றாலையால் பாசன மோட்டார் ஓடாது. காற்றாடி பம்பு தோட்டத்துக்கும் நாற்றங்காலுக்கும் மட்டுமே. மே முதல் செப்டம்பர் வரை வரும் காற்று மின்சாரம் குறுவைக்குக் கை கொடுக்கும். அந்த மாதங்களுக்கு மோட்டாரையும் வயலையும் ஆயத்தமாக வைத்திருப்பதும், இறைத்த தண்ணீரைச் சிக்கனமாகக் கட்டுவதும் நம் கையில் உள்ளவை. அவற்றுக்கு ஆகும் செலவு, 70 அடி விசிறிக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே.